கொக்கியில் தொங்கும் டேப்

முடிச்சூர்,
21 செப்டம்பர் 2025

சரிதா,

முந்தாநாள் போனில் பேசினோமே, அதைப் பேச்சு என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. "நல்லாகீறியாக்கா?" என்று கேட்டாய். "இருக்கேன்மா, நீ?" என்றேன். "கீறேன்" என்றாய். அப்புறம் உன் வீட்டு ஃபேன் சத்தத்தை நான் கேட்டேன், எங்கள் வீட்டுக் குக்கர் விசிலை நீ கேட்டாய். வைத்துவிட்டோம். ஆறு வருஷம் ஒரே போர்டில் வேலை பார்த்தவர்கள் பேசுகிற பேச்சா இது?

அப்புறம் யோசித்துப் பார்த்தேன். நாம் எப்போதுதான் பேசியிருக்கிறோம்? நான் காலை ஷிப்ட் என்றால் நீ மத்தியான ஷிப்ட். நீ வரும்போது நான் போய்க்கொண்டிருப்பேன். அடுத்த வாரம் மாறும், நான் வரும்போது நீ போய்க்கொண்டிருப்பாய். கம்பெனி கேட்டில் என் பஸ் வெளியே வரும், உன் பஸ் உள்ளே நுழையும், ஜன்னல் வழியாகக் கையை ஆட்டுவோம். உன் குரலே எனக்குப் புதுசு, உன் கோழிக்கிறுக்கல்தான் பழக்கம். அதனால் போனைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுதுகிறேன். நீயும் எழுது.

நேற்று என் மகள் ஓவியாவோடு காலேஜில் படிக்கிற பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். "ஆன்ட்டி, நீங்க என்ன வொர்க் பண்றீங்க?" என்றாள். "காருக்குள்ள ஓடுற ஒயரையெல்லாம் ஒரு போர்டுல கொக்கி கொக்கியா மாட்டி, டேப் சுத்தி ஒரே கட்டா ஆக்குற வேலைமா" என்று விளக்கமாகச் சொன்னேன். கம்பெனி மூடியாகிவிட்டது என்பதை மட்டும் சொல்லவில்லை. ஓவியாவும் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பெண் போனபின் நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் காபி குடித்தோம்.

நம்முடைய தபால்பெட்டியை நினைத்தால் இன்னமும் சிரிப்பு வருகிறது. டேப் தீர்ந்தால் மிஞ்சுமே அட்டை வளையம், அதற்குள் சீட்டைச் சுருட்டிச் செருகி ஓரக் கொக்கியில் மாட்டிவிடுவோம். "கறுப்பு ஒயர் இன்னிக்குக் குட்டை, பாத்து இழு" என்று வேலைச் சங்கதியாகத்தான் ஆரம்பித்தாய். ஒரு மாதத்துக்குள் உன் மாமியார் எந்த நாளில் எந்தக் குழம்பைக் குறை சொன்னாள் என்பது வரைக்கும் எனக்கு அத்துப்படி.

அந்தக் கடைசிப் பீஸ் ஞாபகம் இருக்கிறதா? ஒரு நாள் உன் பஸ்ஸில் ஹாரன் அடித்துவிட்டான் என்று கடைசிக் கிளைக்கு டேப் சுற்றாமல், ரோலை மூன்றாவது கொக்கியில் தொங்கவிட்டு ஓடிவிட்டாய். நகத்தால் சுரண்டித் தேட வேண்டாம் என்று டேப் நுனியைக் குட்டி முக்கோணமாக மடித்தும் வைத்திருந்தாய். மறுநாள் காலையில் வந்து நின்ற கையோடு அதை எடுத்துச் சுற்றி முடித்தேன். வெறும் போர்டில் ஆரம்பிப்பது வேறு, யாரோ நமக்காக முக்கால்வாசி போட்டு வைத்ததில் ஆரம்பிப்பது வேறு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஷிப்ட் முடியும்போது நானும் உனக்கு ஒன்று அப்படியே விட்டுவிட்டு வந்தேன். அதுவே வழக்கமாகிவிட்டது. போர்டைக் காலி செய்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது கம்பெனி சட்டம். லைன் லீடர் சம்பந்தம் சார் அந்தப் பக்கம் வரும்போது மட்டும் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பிப்பார்.

ஆகஸ்ட் கடைசி வெள்ளிக்கிழமையும் உனக்காக ஒன்றை விட்டுவிட்டுத்தான் வந்தேன். வெளிநாட்டு ஆர்டர் நின்றுவிட்டது என்று உங்கள் பஸ்ஸைக் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஷெட்டைப் பூட்டி சீல் வைத்தாகிவிட்டது. அந்தப் பீஸ் இன்னமும் உள்ளே தொங்குகிறது. வேலை போனதைக்கூட ஒரு மாதிரி விழுங்கிவிட்டேன், அந்த ஒன்று முடியாமல் கிடப்பதுதான் தொண்டையிலேயே நிற்கிறது.

நாயகி அக்கா


பெரும்பாக்கம்,
1 அக்டோபர் 2025, ஆயுத பூஜை

அக்கா,

உன் லெட்டர் எங்கள் பிளாக்கையே கிளப்பிவிட்டது. லிஃப்ட் ஓடவில்லை, தபால்காரர் எட்டு மாடி ஏற மாட்டார். கீழே நின்று "சரிதா யாரு? சரிதா!" என்று கத்தினார். என் வீட்டுக்காரருக்கு முகம் செத்துவிட்டது. "இன்னா மே, லெட்டர் வந்துகீது? பேங்க்கா, கோர்ட்டா?" என்றார். "ஃபிரண்டுபா" என்றேன். "அப்போ போன் இன்னாத்துக்கு கீது?" என்று தலையில் அடித்துக்கொண்டார். பெயிண்டிங் வேலைக்கும் கூப்பிட ஆள் இல்லை, அதனால் அவருக்கு எல்லாவற்றையும் விசாரிக்க நேரம் இருக்கிறது.

நாம் பழக ஒரு மாதம் ஆன மாதிரி எழுதியிருந்தாய். எனக்கு அப்படி இல்லை. முதல் சீட்டிலேயே உன்னைப் பிடித்துவிட்டது. "பார்த்து இழு" என்று எழுதினதற்கு நீ "இழுத்தேன், மாமியாரே" என்று பதில் வைத்திருந்தாய்.

வேலை தேடுகிற கதையைச் சொல்கிறேன். சோழிங்கநல்லூரில் பெரிய பெரிய ஆபீஸுக்கு ஹவுஸ்கீப்பிங் ஆள் அனுப்புகிற ஏஜென்ஸி இருக்கிறது. போனேன். முகத்தில் சிரிப்போடுதான் பேசினார்கள். "எங்கேந்து வர்றீங்க?" என்றாள் அந்தப் பெண். "பெரும்பாக்கம்." "ஹவுசிங் போர்டு வூடா?" "ஆமா." பேனாவை மூடிவிட்டாள் அக்கா. "சொல்லி அனுப்புறோம்." எங்கள் பிளாக் ஜென்சி, "மேடவாக்கம்னு சொல்லுடி, எவன் வந்து பாக்கப் போறான்" என்று யோசனை கொடுத்தாள். அடுத்த இடத்தில் மேடவாக்கம் என்றேன். ஆதாரைக் கேட்டான். ஆதாரில் பெரும்பாக்கம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. பொய்க்காரி என்ற பட்டமும் சேர்ந்துகொண்டது.

நம் கம்பெனியில் யாரும் வீடு எங்கே என்று முகத்தைச் சுளித்துக் கேட்டதில்லை. எந்த ஸ்டாப்பில் ஏறுவாய் என்று மட்டும் கேட்டார்கள். அந்த பஸ்ஸை நினைத்தால் அழுகை வருகிறது. இடது பக்கம் நாலாவது சீட், ஜன்னல். சரிதா சீட் என்று அதில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். எனக்கென்று இந்த ஊரில் யாரும் எழுப்பாத ஒரு இடம் அதுதான்.

இன்றைக்கு ஆயுத பூஜை. வருஷத்தில் இந்த ஒரு நாள்தான் இரண்டு ஷிப்டும் ஒன்றாக நிற்போம். முதல் வருஷம் நீ பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாய். நான் சீட்டில் பக்கம் பக்கமாக எழுதுகிறவள், நேரில் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. நீயும் பொரிப் பொட்டலத்தை என் கையில் திணித்துவிட்டு "சாப்டு" என்று சொல்லிப் போய்விட்டாய். போர்டுக்குச் சந்தனம் வைத்து, கொக்கிக்குக் கொக்கி பூ வைத்தோமே. இன்றைக்கு அதற்கு யார் வைப்பார்கள்?

ஒன்று கேட்க வேண்டும். அந்தக் கடைசி நாள் வளையத்துக்குள் என்ன சீட்டு வைத்தாய்?

சரிதா


முடிச்சூர்,
25 அக்டோபர் 2025

சரிதா,

அந்தச் சீட்டில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. நீ முந்தின நாள் கேட்டிருந்தாயே, அதற்குப் பதில். "வடைக்கு மிளகை முழுசாப் போடாதே, நசுக்கிப் போடு." அவ்வளவுதான். உலகம் நின்றுபோகிற அன்றைக்கு நான் எழுதின கடைசி வாக்கியம் இது.

உனக்கு வீடு இடிக்கிறது, எனக்கு வயசு இடிக்கிறது. தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் ஆள் எடுக்கிறார்கள் என்று போனேன். நாற்பத்தொன்று என்றதும் அந்த மேனேஜர், "நாள் பூரா நிக்கணும்மா, உங்களால முடியாது" என்றான். "தம்பி, ஆறு வருஷமா நின்னுட்டுதான் இருந்தேன், இப்பத்தான் உட்காந்திருக்கேன், அதுதான் முடியல" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. எங்கள் மாமனார் விற்ற நிலத்தில் எழும்பியிருக்கிற அடுக்குமாடிக்கு வாசல் பெருக்க ஆள் வேண்டும் என்று கேட்டார்கள். போகவில்லை. திமிர் என்றே வைத்துக்கொள். ஷேர் ஆட்டோவில் இவர் கொண்டுவருவது ஓவியாவின் பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் சரியாகிறது. இன்னும் ஒரு வருஷம் அவள் படித்து முடித்தாக வேண்டும்.  

சரி, நல்ல சேதிக்கு வருகிறேன். சம்பந்தம் சார் போன் செய்தார். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் நம்முடையது மாதிரியே ஒயர் கட்டுகிற சின்ன கம்பெனி ஒன்று இருக்கிறது, அங்கே சேர்ந்திருக்கிறார். கொஞ்சம் பெண்களை எடுக்கப் போகிறார்களாம். நவம்பர் முதல் வாரம் டெஸ்ட். தாம்பரம் பக்கத்து ஆட்களுக்குச் செவ்வாய், உங்கள் பக்கத்துக்குப் புதன். உனக்கும் போன் வரும். "வயசு முப்பத்தஞ்சுதான் கேக்குறாங்க. ஆனா டெஸ்டுல கரெக்டா மூணு பீஸ் போட்டுட்டா நான் பேசிப் பாக்குறேன்மா" என்றார். போர்டைக் கண்டால் என் கை சும்மா இருக்குமா? இரண்டு பேருக்கும் கிடைத்து எதிர் ஷிப்ட் விழுந்தால் மறுபடியும் வளையம், மறுபடியும் உன் கோழிக்கிறுக்கல். ரொம்ப நாளைக்கப்புறம் இன்றைக்கு ரேடியோவைப் போட்டுக்கொண்டு பாத்திரம் தேய்த்தேன்.

நாயகி அக்கா


முடிச்சூர்,
4 நவம்பர் 2025, செவ்வாய் சாயங்காலம்

சரிதா,

டெஸ்ட் எழுதப் போன அழகைக் கேள்.

போர்டைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. அதே பச்சைப் பலகை, அதே கொக்கிகள். டெஸ்ட் வைக்கிற இன்ஜினியர் பெயர் வெற்றிவேல், ஓவியாவைவிட நாலைந்து வயசுதான் கூட இருக்கும். மூன்று பீஸ் போட வேண்டும். முதலாவது போட்டேன். இரண்டாவது போட்டேன். பக்கத்தில் நின்ற சின்னப் பெண்கள் ஒயரின் நிறத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது நான் மூன்றாவதில் இருந்தேன். அப்படி ஒரு சந்தோஷம். ரோலைக் கொக்கியில் மாட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு ஓரமாக நின்றேன்.

அந்தப் பையன் வந்தான். "முடிச்சிட்டீங்களாம்மா?"

"முடிச்சிட்டேன் தம்பி."

"பாத்து சொல்லுங்க."

"மூணும் முடிச்சிட்டேன்."

அவன் மூன்றாவது பீஸின் கடைசிக் கிளையைத் தூக்கிக் காட்டினான். ஒயர்கள் அம்மணமாகத் தொங்கின. ரோல் மூன்றாவது கொக்கியில். நுனி முக்கோணமாக மடித்து. நான் செய்தது எனக்கே தெரியவில்லை சரிதா. என் கை பாட்டுக்கு ஷிப்டை முடித்துவிட்டது.

"இதை யாரும்மா முடிப்பா?" என்றான்.

சரிதா என்று வாய்வரை வந்துவிட்டது.

"தோ, ஒரு நிமிஷம் தம்பி" என்று ரோலை எடுக்கப் போனேன். நேரம் முடிந்துவிட்டது, தொடக் கூடாது என்றான். சம்பந்தம் சார் தூரத்தில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றார். மூன்று இருந்தால் வயசைப் பேசிப் பார்த்திருப்பார். இரண்டரையை வைத்துக்கொண்டு அவர் என்ன பேசுவார்?

கூடுவாஞ்சேரி வருகிற வரைக்கும் சிரித்தேன். அப்புறம் ட்ரெயினில் அழுதேன். பக்கத்தில் இருந்த பூக்காரி ஒன்றும் கேட்காமல் தண்ணி பாட்டிலை நீட்டினாள். வீட்டில் டெஸ்ட் தள்ளிப்போய்விட்டது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நாளைக்கு நீ போவாய். இந்தக் கடுதாசி அதற்குள் வந்து சேராது. என் கையைப் போல உன் கையும் காலை வாராமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

நாயகி அக்கா


பெரும்பாக்கம்,
5 நவம்பர் 2025

அக்கா, அக்கா, அக்கா!

கிடைத்துவிட்டது! டிசம்பர் ஒன்றாம் தேதி சேர வேண்டும். பெரும்பாக்கம் என்றேன், "மேடவாக்கம் கூட்ரோட்டுல பஸ் வரும், ஏறிக்கோங்க" என்றார்கள். அவ்வளவுதான், வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அதுவும் உன்னால்தான். உள்ளே போனதும் பயத்தில் எந்த ஒயருக்குப் பக்கத்தில் எந்த ஒயர் என்பதே எனக்கு மறந்துவிட்டது. காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. இரண்டாவது போர்டைக் காட்டி நிற்கச் சொன்னார்கள். பார்த்தால் போர்டில் ஒரு பீஸ் தொங்குகிறது. ரோல் மூன்றாவது கொக்கியில்! நுனி முக்கோணமாக! நீ எனக்காக விட்டுவிட்டுப் போயிருக்கிறாய்! கத்திவிடலாம் போல இருந்தது. பயம் போன இடம் தெரியவில்லை. எடுத்தேன், சுற்றினேன், முடித்தேன். அப்புறம் இரண்டு பீஸ் நானாகப் போட்டேன். நேரம் முடிந்ததும் இன்ஜினியர் வந்து எண்ணினார். "மூணு. ஓகே" என்றார்.

உன் மூளையே மூளை. நாளைக்கு நான் வருவேன், பயந்துகொண்டிருப்பேன் என்று நினைத்துத்தானே வைத்தாய்? அந்த ஆகஸ்ட் பீஸ் முடியவில்லை என்று எழுதியிருந்தாயே, இப்போது முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள். வீட்டுக்காரர் பஜ்ஜி வாங்கிவந்தார். "உன் லெட்டர் அக்காவுக்கும் சொல்லு மே" என்றார்.

இரண்டு பேரும் எதிர் ஷிப்ட் என்று இப்போதே சம்பந்தம் சார் காதில் போட்டுவிடுவோம்.

சரிதா


முடிச்சூர்,
13 நவம்பர் 2025

சரிதாவுக்கு,

என் கடுதாசியும் உன் கடுதாசியும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. என்னுடையதைப் படித்திருப்பாய். அதனால்தான் தினமும் போன் அடிக்கிறாய் என்று நினைக்கிறேன். எடுக்கப் பிடிக்கவில்லை.

அந்தப் பீஸை நான் உனக்காக வைக்கவில்லை. அது என் மறதி. அதை நீ முடித்து உன் கணக்கில் சேர்த்தாய். எண்ணும்போது "சார், இதுல ஒண்ணு என்னுது இல்ல" என்று ஒரு வார்த்தை உன் வாயில் வரவில்லை. எனக்கு இரண்டு என்று தள்ளினார்கள். உனக்கும் இரண்டுதான். மூன்றாவது என் கை.

உனக்கு வேலை கிடைத்ததில் எனக்கு வருத்தமில்லை என்று எழுத உட்கார்ந்தேன். வருத்தம் இருக்கிறது. வயிறு எரிகிறது. நீ வேண்டுமென்று செய்யவில்லை என்று புத்திக்குத் தெரிகிறது, வயிற்றுக்குத் தெரியவில்லை. வீட்டில் உண்மையைச் சொல்லிவிட்டேன். ஓவியா படிப்பை ஒரு வருஷம் தள்ளிப்போடட்டுமா என்று கேட்டாள். அதைக் கேட்ட அன்றைக்கு உன் பெயரைச் சொல்லித் திட்டினேன்.

கொஞ்ச நாள் எழுதாதே.

தையல்நாயகி


பெரும்பாக்கம்,
19 நவம்பர் 2025

அக்கா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். கிழித்துப் போட்டாலும் சரி.

தையல்நாயகி என்று முழுப்பெயரில் கையெழுத்துப் போட்டிருந்தாய். அதுதான் ரொம்ப வலித்தது. நான் திருடி இல்லை அக்கா. நீ பாஸ் ஆகியிருப்பாய், மூன்றுக்கு மேல் நாலாவதாக இதை எனக்கு வைத்திருக்கிறாய் என்றுதான் நினைத்தேன். உன் கைக்கு மூன்று பத்தாது என்று எனக்குத் தெரியாதா? எண்ணும்போது வாய் திறந்திருக்க வேண்டும், அது தப்புதான். சந்தோஷத்தில் தோன்றவில்லை.

உன் செவ்வாய்க்கிழமைக் கடுதாசி வந்த நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. போன திங்கட்கிழமை சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போனேன். இன்ஜினியரை வெளியே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். வளையம், சீட்டு, மூன்றாவது கொக்கி, எல்லாம். "சார், அந்த பீஸு பாதி அக்காது. அவங்க ஃபெயிலுன்னா நானும் ஃபெயிலு. இல்ல, ரெண்டு பேரையும் எடுத்துக்கோ" என்றேன். "முந்தின நாள் போர்டைக் காலி பண்ணாம விட்டது என் தப்பு" என்று தலையைச் சொறிந்தார். அப்புறம், "அந்தம்மா வயசுக்கு மேலேந்து ஒத்துக்க மாட்டேன்னுட்டாங்கம்மா. சம்பந்தம் சார் அப்புறமும் போய் ரெண்டு தடவை கேட்டாரு" என்றார். "நீங்க இப்போ மறுபடி போட்டுக் காட்டுறீங்களா?" என்றும் கேட்டார்.

போட்டேன். காலிப் போர்டில், நானே, மூன்று. கடைசிப் பீஸில் என் கையும் நின்றது அக்கா. உன் மேல் சத்தியம். கடைசிக் கிளைக்கு வந்ததும் ரோலைக் கொக்கிக்குக் கொண்டுபோய்விட்டேன். இன்ஜினியர் பார்த்துக்கொண்டே இருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பி எடுத்துச் சுற்றி முடித்தேன். முடித்தபோது உன்னை வெளியே விட்டுக் கதவைச் சாத்தின மாதிரி இருந்தது.

வேலை எனக்கே என்று சொல்லிவிட்டார். ஆனால் ஒன்றாம் தேதி வருகிறேன் என்று நான் இன்னும் சொல்லவில்லை. வீட்டுக்காரர், "இன்னா பேஜார் இது? வர்ற வேலைய எட்டி ஒதைப்பியா?" என்று கத்துகிறார். மாமியார் பேசுவதே இல்லை. நீ போ என்று ஒரு வார்த்தை எழுது, போகிறேன். இல்லாவிட்டால் அந்த பஸ்ஸில் ஏற எனக்குக் கால் வராது. ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து யாருக்குக் கையை ஆட்டுவேன்?

சரிதா


முடிச்சூர்,
25 நவம்பர் 2025

அடி அசடே,

யாராவது வேலையைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொருத்தியிடம் உத்தரவு கேட்பார்களா? நானாக இருந்தால் அன்றைக்கே போய் உட்கார்ந்திருப்பேன். உன்னைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். ஒருவேளை பஸ் ஜன்னலிலிருந்து பார்த்திருப்பேன்.

போ. போய்ச் சேர். பத்துத் தடவை எழுத வேண்டுமா?

உன் கடுதாசியைக் கிழிக்கவில்லை. முதலில் நின்றுகொண்டே படித்தேன், அப்புறம் உட்கார்ந்து படித்தேன், அப்புறம் இவரைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். "அந்தப் பொண்ணு போய் திருப்பி டெஸ்ட் எழுதிச்சா? உனக்காகவா?" என்று இவர் கேட்டார். அதற்கப்புறம்தான் என் வயிற்று எரிச்சல் அடங்கியது. உன் கையும் கடைசிக் கிளையில் நின்றது என்று எழுதியிருந்தாயே, அங்கே நான் அழுதுவிட்டேன். என் கை மட்டும்தான் பைத்தியம் என்று நினைத்திருந்தேன்.

எனக்கும் ஒரு வழி பிறந்திருக்கிறது. மண்ணிவாக்கத்தில் ஒரு சமையல் கூடம். ஜெயஸ்ரீ என்று ஒரு பெண் நடத்துகிறாள். கம்பெனி கம்பெனியாக டிபன் அனுப்புகிறாள். வயசு கேட்கவில்லை. "வடை தட்டத் தெரியுமா?" என்று கேட்டாள். தட்டிக் காட்டினேன். அதுதான் டெஸ்ட். முடிக்காமல் விட வழியே இல்லை, எண்ணெயில் போட்டதை எடுத்துத்தானே ஆக வேண்டும். கம்பெனி வேலை மாதிரி பஸ் கிடையாது, சீருடை கிடையாது, முதுகு விட்டுப்போகிறது. ஆனாலும் ஓவியா காலேஜுக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். வடை தட்டி முடித்ததும் சாம்பார் டிரம்முக்கு மூடி போட்டு டேப் ஒட்டுகிற வேலையும் என் தலையில் விழுந்தது. எங்கே போனாலும் என்னை டேப் விடாது போலிருக்கிறது. வேனில் ஏற்றியபின் எது எந்த ஊருக்குப் போகிறது என்று எனக்குத் தெரியாது.

ஒன்றே ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். அங்கே யாருக்கும் பாதி வைக்காதே. ஒவ்வொரு பீஸையும் முழுசாக முடித்துவிட்டுப் போர்டைக் காலி செய். நம் பழக்கம் நமக்கு நல்லதாக இருந்தது, அந்தக் காலம் போய்விட்டது. ஆனால் ஷிப்ட் முடிந்து காலிப் போர்டை விட்டுக் கிளம்பும்போது ஒரு தடவை என்னை நினைத்துக்கொள்.

நாயகி அக்கா


கம்பெனி கேன்டீன், சிங்கப்பெருமாள் கோவில்,
9 ஜனவரி 2026

அக்கா,

இது தபாலில் வரவில்லை, பயப்படாதே. சாம்பார் டிரம்மின் கைப்பிடியில் டேப் வளையம் ஒன்று கட்டியிருக்கும், அதற்குள் இருந்துதான் எடுத்திருப்பாய். சமையல் கூடத்தில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு படி.

நேற்று வரை எங்களுக்கு வேறு இடத்துச் சாப்பாடு. வாயில் வைக்க முடியவில்லை என்று எல்லோரும் சண்டை போட்டு மாற்ற வைத்தோம். இன்றைக்குப் புது வேன் வந்தது. வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். கேன்டீன்காரர் டிரம் மூடியில் ஒட்டின டேப்பைப் பிய்க்க நகத்தை நீட்டினார். நீட்டிவிட்டு, "அட, நுனிய மடிச்சிகீறாங்க பாரு" என்றார். தட்டைப் போட்டுவிட்டு ஓடினேன். குட்டி முக்கோணம். எனக்குப் பின்னால் நின்றவர்கள் இன்னா ஆச்சு இவளுக்கு என்று பார்த்தார்கள். வேன் டிரைவரைப் பிடித்து எந்த ஊர் என்றேன். மண்ணிவாக்கம் என்றார். காலி டிரம்மெல்லாம் மத்தியானம் அங்கேயே திரும்பிப் போகுமாம். தினமும் போகுமாம் அக்கா. தினமும்.

நீ சொன்னபடி ஒவ்வொரு நாளும் போர்டைக் காலி செய்துவிட்டுத்தான் போகிறேன். யாருக்கும் பாதி வைக்கவில்லை. காலிப் போர்டைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் நெஞ்சு அடைக்கும். இன்றைக்கு அடைக்காது.

வடையில் மிளகை நசுக்கித்தான் போட்டிருக்கிறாய். பாதியைத் தின்றுவிட்டேன். மீதிப் பாதி இலையில் சுற்றி டிரம்முக்குள் இருக்கிறது. மூடியில் டேப்பின் நுனியை மடித்திருக்கிறேன்.

எடுத்து முடித்துவிடு.

சரிதா